பின்சீட்டுல வந்தவங்களுக்கும் ஒரு பேப்பர் குடுங்க சார்: கடலூர், பாண்டில விபத்து கேஸ் விசாரிக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் பக்கமும் பாண்டி பக்கமும் ஸ்டேஷன்ல விபத்து கேஸ் பாக்குற எஸ்.ஐ. சார், ஏட்டய்யா, மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் திருப்பாப்புலியூர்ல வீட்டோட சேர்த்து ஒரு சின்ன தையல் கடை வெச்சிருக்கேன், பிளவுஸ், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம், ஃபால்ஸ் அடிக்கிறது, இதுதான் பொழப்பு. எந்த ஸ்டேஷன், எந்த ஆஸ்பத்திரி, எந்த இன்சூரன்ஸ் கம்பெனின்னு இந்த மடல்ல எழுதப்போறதில்ல, ஒருத்தர மாட்டிவிடணும்னு எனக்கு ஆசை இல்ல. எனக்கு நடந்தத கடைல சொல்லும்போதெல்லாம் துணி குடுக்க வந்தவங்க ரெண்டு மூணு பேர் "எங்களுக்கும் இப்படித்தான்க்கா ஆச்சு"ன்னு சொன்னாங்க, அதனால கார்ல பின்சீட்டுல வந்து அடிபட்டவங்களோட நஷ்டஈடு உரிமை பத்தி பொதுவாவே எழுதுறேன்.

போன தை மாசம் பாண்டில ஒரு ரிசப்ஷன். எங்க சித்தி பையன் வண்டி எடுத்துட்டு வந்தான், முன்னாடி அவனும் என் வீட்டுக்காரரும், பின்னாடி நானும் என் மாமியாரும். சாப்ட்டு முடிச்சு கெளம்பும்போதே பத்து மணி தாண்டிடுச்சு. பார்டர் ஒட்டி வரும்போது ரோட்டோரமா கரும்பு லோடு லாரி ஒண்ணு நிக்குது. நிக்குதுன்னு இப்ப சொல்றேன், அப்ப ஒண்ணுமே தெரியல, பின்னாடி லைட் எரியல, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இல்ல, லோடுக்கு வெளில கரும்பு ரெண்டு முழம் நீட்டிக்கிட்டு இருக்கு. தம்பியும் வேகமாத்தான் வந்தான், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பிரேக் அடிச்சான், வண்டி இழுத்துக்கிட்டு போய் சொருகிடுச்சு. முன் கண்ணாடிய ஒடச்சிட்டு கரும்பு உள்ள வந்து என் வீட்டுக்காரர் காதுக்கு ஒரு ஜாண் தள்ளி நின்னுச்சு. நான் முன் சீட்டு முதுகுல வலது கைய ஊனிட்டேன், மணிக்கட்டு நொறுங்கிடுச்சு, மாமியாருக்கு விலா எலும்புல விரிசல். பின்சீட்டு பெல்ட்டு எங்க இருந்துச்சுன்னு கேக்குறீங்களா, சீட் கவருக்கு அடில, வண்டி வாங்குன நாள்லேர்ந்து அங்கதான் தூங்குது. பின்னாடி உக்காந்தவங்களும் போடணும்னு சட்டத்துல இருக்குன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும், அது எங்க தப்புதான்.

108 வந்துச்சு, பக்கத்துல இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க, அங்க முதல் கேள்வி அட்வான்ஸ். ராத்திரி பன்னெண்டு மணிக்கு 30,000 ரூபாய்க்கு எங்க போறது, காலைல என் செயின அடகு வெச்சு கட்டினோம். தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்லேர்ந்து "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48"னு ஒரு திட்டம் இருக்கு, தமிழ்நாட்டுக்குள்ள விபத்து நடந்தா அடிபட்டவர் எந்த ஊர்க்காரரா இருந்தாலும் முதல் 48 மணி நேர வைத்தியம் திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரில இலவசம், மொதல்ல 1 லட்சம் வரைக்கும் இருந்தத 2 லட்சமா ஆக்கிட்டாங்க. மத்திய அரசு திட்டம் 2025 மே மாசத்துலேர்ந்து இந்தியா முழுக்க, விபத்து நடந்த நாள்லேர்ந்து 7 நாளைக்கு ஒரு ஆளுக்கு 1.5 லட்சம் வரைக்கும் கேஷ்லெஸ். பார்டர்க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு பாக்க வேண்டியதே இல்ல, ரெண்டு பக்கமும் ஏதோ ஒண்ணு இருக்கு. சேந்த ஆஸ்பத்திரி எதுன்னு ஆம்புலன்ஸ்லயே கேட்டிருக்கலாம், ஆனா கேக்கணும்னு தெரியணுமே.

அதவிட பெரிய கூத்து ஏ.ஆர். காப்பிதான். விபத்து பதிவேடுன்னு ஆஸ்பத்திரில ஒண்ணு எழுதுவாங்களே, அதுல "எப்படி அடிபட்டது"ங்கற எடத்துல என்ன எழுதிருக்கு தெரியுமா, கார்லேர்ந்து எறங்கும்போது தவறி விழுந்ததுன்னு. யாரோ எங்க வீட்டு ஆளுங்கதான், "போலீஸ் கேஸ்னு சொன்னா வைத்தியம் லேட்டாகும்"னு பயந்து அப்படி சொல்லிட்டாங்க, டூட்டி டாக்டரும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டார். இப்ப இன்சூரன்ஸ் வக்கீல் கைல இருக்குற ஒரே ஆயுதம் அந்த ஒரு வரிதான். விபத்துன்னா வைத்தியம் லேட்டாகும்ங்கறது பழைய காலத்து பயம் சார், ஆனா அந்த பயம் இன்னும் ஆஸ்பத்திரி வராண்டாவுல சுத்திக்கிட்டுதான் இருக்கு.

நாலாவது நாள் என் வீட்டுக்காரர் ஸ்டேஷன் போனார். அங்க இருந்தவர் நல்லவிதமாத்தான் பேசினார், அதையும் சொல்லணும், டீ கூட வாங்கி குடுத்திருக்கார். "ஏம்பா, ஓட்டுனது உன் மச்சான், கேஸ் போட்டா அவன் மேலதான் வரும், லைசென்ஸ் போய்டும், லாரிக்காரன் நின்னுக்கிட்டுதானே இருந்தான், எழுதி குடுத்துட்டு சமாதானமா போங்க"ன்னு சொல்லி சி.எஸ்.ஆர்.னு ஒரு புகார் ரசீது மட்டும் போட்டு அனுப்பிட்டார், எஃப்.ஐ.ஆர். போடல. பின்சீட்டுல ரெண்டு பொம்பளைங்களுக்கு எலும்பு முறிஞ்சிருக்குன்னு எழுதவே இல்ல. வண்டிக்கு ஆன சேதாரம் எழுதிருந்துச்சு. பம்பர், ரேடியேட்டர், முன் கண்ணாடி.

அப்புறம் வீட்ல. சித்தி போன் பண்ணி "ஏண்டி, உன் தம்பி மேலயே கேஸ் போடப்போறியா, நாளைக்கு நல்லது கெட்டதுக்கு மொகத்துல முழிக்க வேணாமா"ன்னு அழுதாங்க. நானும் விட்டுட்டேன். சார், இந்த எடத்துலதான் எங்கள மாதிரி ஆளுங்க எல்லாரும் விழுறோம். நஷ்டஈடு கேக்குறதுன்னா தம்பிகிட்ட கேக்குறதுன்னு நெனச்சிட்டோம். அவன் வருஷா வருஷம் பிரீமியம் கட்றதே இதுக்குத்தான்னு எங்களுக்கு யாரும் சொல்லல.

சொன்னது யாருன்னா, கவுன் ஓரம் பிரிஞ்சிடுச்சுன்னு தைக்க எடுத்துட்டு வந்த ஒரு வக்கீலம்மா. மாவுக்கட்டோட நான் உக்காந்திருக்கறத பாத்துட்டு "என்னாச்சு"ன்னாங்க, சொன்னேன், "எத்தன நாள் ஆச்சு"ன்னாங்க, எண்ணிப் பாத்தா 53 நாள். "ஃபார்ம் 2 குடுத்தாங்களா"ன்னு கேட்டாங்க. நான் ஏதோ பேங்க் ஃபார்ம்னு நெனச்சேன்.

உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, ஆனா இத படிக்கிற மத்தவங்களுக்காக சொல்றேன். 2022 ஏப்ரல் 1லேர்ந்து மோட்டார் வாகன சட்டத்துலயும் விதிகள்லயும் நெறைய மாறியிருக்கு. விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள்ள விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கை, அதான் எஃப்.ஏ.ஆர்., நஷ்டஈடு கோர்ட்டுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பணும். அடிபட்டவங்களுக்கு என்னென்ன உரிமை இருக்கு, கேஸ் எப்படி எப்படி போகும்னு விளக்கி எழுதுன ஃபார்ம் 2வ 10 நாளுக்குள்ள அவங்க கைல குடுக்கணும். 90 நாளுக்குள்ள முழு அறிக்கை, டி.ஏ.ஆர்.னு சொல்றாங்க, அது கோர்ட்டுக்கு போகணும். அந்த அறிக்கையவே கோர்ட்டு நஷ்டஈடு மனுவா எடுத்துக்கணும்னு 166வது பிரிவுலயே இருக்கு. இதெல்லாம் ஒழுங்கா நடக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2022 டிசம்பர்ல கோஹர் முகமது கேஸ்ல எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட்டிருக்கு. அதாவது சட்டப்படி பாத்தா நான் ஆஸ்பத்திரி பெட்ல படுத்துக்கிட்டு இருந்தாலே கேஸ் தன்னால கோர்ட்டுக்கு நடந்து போயிருக்கணும்.

எங்களுக்கு வந்தது வேற ஒருத்தர். மூணாவது நாளே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு விசிட்டிங் கார்டோட வார்டுக்குள்ள வந்துட்டார், "கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, நாங்க பாத்துக்கறோம், வர்றதுல நாலுல ஒரு பங்கு எங்களுக்கு"ன்னு. பத்து நாள் டைம் இருக்குற கவர்மென்ட் ஃபார்ம் வரல, புரோக்கர் வந்துட்டார். அவருக்கு விபத்து தகவல் எப்படி போச்சுன்னு நான் கேக்கல, நீங்களே யோசிச்சுக்கோங்க.

இப்ப பின்சீட்டு விஷயத்துக்கு வரேன். கார்ல வர்ற ஆள் டிரைவர் இல்ல, ஓனர் இல்ல, விபத்துக்கு அவர் மேல ஒரு தப்பும் சொல்ல முடியாது. ரெண்டு வண்டி மேலயும் தப்பு இருந்தா, உனக்கு 60 எனக்கு 40ன்னு அவங்க அடிச்சுக்கட்டும், அடிபட்ட பயணி ரெண்டுல யார்கிட்ட வேணாலும் முழு தொகையும் கேக்கலாம்னு 2015லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நீங்க "லாரி நின்னுக்கிட்டுதானே இருந்துச்சு"ன்னு சொன்னப்போ அந்த லாரியோட இன்சூரன்ஸ் எங்களுக்கு இல்லாம போயிருக்கும். ராத்திரில லைட் இல்லாம, கரும்பு வெளில நீட்டிக்கிட்டு ரோட்ல நிக்கிறதும் அஜாக்கிரதைதானே சார். அந்த லாரி நம்பர மட்டுமாவது எழுதி வெச்சிருந்தா போதும், வக்கீலம்மா அத தேடி எடுக்கறதுக்குள்ள பட்ட பாடு தனி கதை.

தம்பி வண்டி பாலிசி பத்தி ஒரு விஷயம், இத கார் வெச்சிருக்கற எல்லாரும் போய் டாஷ்போர்டு தொறந்து பாருங்க. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா சொந்த கார்ல சும்மா ஏறி வந்தவங்களுக்கு அது கவர் ஆகாது, ரோட்ல போறவங்களுக்குத்தான். பேக்கேஜ் பாலிசின்னா, காம்ப்ரிஹென்சிவ்னும் சொல்லுவாங்க, வண்டிக்குள்ள இருக்கறவங்களுக்கும் உண்டு, 2009ல இன்சூரன்ஸ் ஆணையமே அப்படி சுற்றறிக்கை விட்டிருக்கு, 2012ல பாலகிருஷ்ணன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் இந்த வித்தியாசத்த தெளிவா சொல்லியிருக்கு. சொந்தக்காரரா இருந்தாலும் பரவால்ல. இதுல ஒரு பொறி இருக்கு. புது கார் வாங்கும்போது மூணு வருஷ தேர்ட் பார்ட்டி, ஒரு வருஷ சொந்த சேதாரம்னு சேத்து குடுப்பாங்க, ஒரு வருஷம் முடிஞ்சதும் "அதான் இன்னும் ரெண்டு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு ரெனிவல் பண்ணாம விட்டுடுறாங்க. அப்ப கைல மிஞ்சி நிக்கிறது தேர்ட் பார்ட்டி மட்டும்தான், பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திட்டு வேளாங்கண்ணி போறவங்களுக்கு அது தெரியாது. 15 லட்சம் பி.ஏ. கவர், அதான் தனிநபர் விபத்து காப்பீடு, இருக்கேன்னு சில பேர் சொல்றாங்க, அது ஓட்டுற ஓனருக்கு, பின்னாடி இருக்கறவங்களுக்கு இல்ல. எங்க தம்பி புண்ணியவான், பேக்கேஜ் போட்டிருந்தான்.

ஓன் போர்டு வண்டிய வாடகைக்கு எடுத்துட்டு கோயிலுக்கு போறவங்க கதை இன்னும் மோசம். வெள்ளை போர்டு வண்டில காசு குடுத்து போனா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல புடிக்கிறதே "வாடகைக்கு ஓட்டுனான், பாலிசி மீறல்"ங்கற பாயிண்ட்டத்தான். மஞ்ச போர்டு டாக்சில பயணிக்கு கவர் சட்டப்படியே கட்டாயம். கிலோமீட்டருக்கு ரெண்டு மூணு ரூபா மிச்சம்னு பாக்காதீங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

பார்டர் விஷயம். நம்ம ரோட்ல தமிழ்நாடு, பாண்டி, தமிழ்நாடுன்னு மாறி மாறி வரும், ரெட்டிச்சாவடில நிக்கிறவனுக்கு ரெண்டு பக்கமும் பாண்டி. "இது எங்க லிமிட் இல்ல, அங்க போங்க"ன்னு ஒரு தடவ எங்களையும் அனுப்பினாங்க. எந்த ஸ்டேஷன்ல குடுத்தாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அனுப்பணும்னு புது குற்றவியல் நடைமுறை சட்டம் 173வது பிரிவுல இருக்கு, 2024 ஜூலை 1லேர்ந்து நடைமுறைல இருக்குது. நஷ்டஈடு கேஸும் அப்படித்தான், விபத்து பாண்டில நடந்தாலும் நான் குடியிருக்குற கடலூர்லயே போடலாம், இல்ல விபத்து நடந்த எடத்துல போடலாம், இல்ல எதிராளி இருக்கற ஊர்ல போடலாம், எது வசதியோ அது. மாவுக்கட்டோட பஸ்ல அலைய வேண்டியதில்ல.

ஆனா கெடு இருக்கு. முன்னாடி கால வரம்பே இல்லாம இருந்தத 2022 ஏப்ரல்லேர்ந்து விபத்து நடந்த நாள்லேர்ந்து 6 மாசம்னு ஆக்கிட்டாங்க. அத எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கு கேஸ் போயிருக்கு, இருந்தாலும் அத நம்பி உக்காந்திருக்காம 6 மாசத்துக்குள்ள போட்டுடறதுதான் புத்திசாலித்தனம். யோசிச்சு பாருங்க சார், கட்டு பிரிக்கவே ரெண்டு மாசம், பிசியோதெரபி ரெண்டு மாசம், சித்தி அழுகை ஒரு மாசம், எல்லாம் கழிச்சா மிச்சம் எவ்வளவு. நீங்க சி.எஸ்.ஆர். போட்டு அனுப்புன ஒவ்வொரு வாரமும் என் கணக்குலேர்ந்துதான் கழிஞ்சுது. எஃப்.ஐ.ஆர். லேட்டாச்சுங்கற ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்ட மறுக்கக்கூடாதுன்னு 2011ல தீர்ப்பு இருக்கு, அத வெச்சுத்தான் இப்ப வாதாடிக்கிட்டு இருக்கோம், எங்களுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டதே 58வது நாள்.

என் கைய பத்தி கொஞ்சம் சொல்றேன். தட்டு வெச்சு ஆறு ஸ்க்ரூ போட்டிருக்காங்க. சாப்புடலாம், எழுதலாம், செல்போன் புடிக்கலாம், பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பெரிய கத்திரிக்கோல்ல கட்டைவிரல நுழைச்சு லைனிங் துணி ரெண்டு மடிப்பா வெட்டுனா நாலாவது வெட்டுல கை நடுங்குது, அக்குள் வளைவு கோணிக்கிது. பாபின் மாத்தும்போது அந்த சின்ன கேஸ திருப்பி உள்ள தள்ளணும், அது முடியல, பக்கத்து வீட்டு பாப்பாவ கூப்புட்டு மாட்டிக்கிறேன். தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாளைக்கு ஏழு பிளவுஸ் தைச்சவ, இப்ப ரெண்டு.

மெடிக்கல் போர்டுல ஊனம் 10 சதவீதம்னு எழுதினாங்க. இன்சூரன்ஸ்காரங்க அந்த 10ஐத்தான் புடிச்சிக்கிட்டு இருக்காங்க. ராஜ்குமார் கேஸ்னு ஒண்ணு இருக்குதாம், உடம்புல எத்தன சதவீதம் ஊனம்ங்கறது வேற, அதால சம்பாதிக்கிற சக்தி எவ்வளவு போச்சுங்கறது வேறன்னு அதுல சொல்லியிருக்காங்க, ஒரு தச்சருக்கோ டிரைவருக்கோ கை போனா பொழப்பே போச்சு, ஆபீஸ் கிளார்க்குக்கு அப்படி இல்லன்னு உதாரணமே குடுத்திருக்காங்க. கணக்கு எப்படின்னா, மாசம் 12,000ன்னு வெச்சா வருஷத்துக்கு 1,44,000, எனக்கு வயசு 38, 36லேர்ந்து 40 வரைக்கும் பெருக்கு எண் 15, அது சரளா வர்மா கேஸ் அட்டவணை. ஆக 21,60,000. இதுல 10 சதவீதம்னா 2,16,000. சம்பாத்தியம் 30 சதவீதம் போச்சுன்னு கோர்ட்டு ஒத்துக்கிட்டா 6,48,000, 40 வயசுக்கு கீழ சொந்த தொழில் பண்றவங்களுக்கு எதிர்கால வருமானம் 40 சதவீதம் சேத்தா 9 லட்சம் தாண்டும். ஆஸ்பத்திரி செலவு, வலி வேதனை, ஆள் வெச்சு பாத்த செலவு எல்லாம் தனி. அதனால பில்லு, பிசியோ சீட்டு, ஆட்டோ காசு வரைக்கும் ஒரு கவர்ல போட்டு வையுங்க, நான் மொதல் மாச பில்ல எல்லாம் மிக்சர் கட்டி குடுத்துட்டேன்.

என் மாமியார் "நான் என்ன சம்பாதிக்கிறேன், எனக்கு எதுக்கு கேஸு"ன்னாங்க. வீட்டு வேலைக்கும் பண மதிப்பு போடணும்னு 2021ல கீர்த்தி கேஸ்ல தீர்ப்பே இருக்கு அத்தைன்னேன். "அப்போ உன் மாமனார் எனக்கு பாக்கி வெச்சிட்டுத்தான் போயிருக்கார்"னாங்க.

சீக்கிரம் முடியணும்னா 164வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, யார் தப்புன்னு நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிர் போனா 5 லட்சம். ஆனா அத வாங்கிட்டா கோர்ட்ல இருக்கற பெரிய மனு செத்துப்போய்டும், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுக்கோங்க. இடிச்ச வண்டி எதுன்னே தெரியலன்னா உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000, 161வது பிரிவு. வக்கீல் வைக்க வசதி இல்லாத பொம்பளைங்க நேரா கோர்ட்டு வளாகத்துல இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போகலாம், பெண்களுக்கு வருமான வரம்பே பாக்காம இலவச வக்கீல் உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டில் அங்க குடுக்க மாட்டாங்க.

நான் உங்ககிட்ட கேக்குறது இதுதான் சார். ஃபார்ம் 2வ தமிழ்ல அச்சடிச்சு ஸ்டேஷன்ல ஒரு கட்டு வெச்சிருங்க. விபத்து எடத்துல வண்டி நம்பர எழுதும்போது வண்டிக்குள்ள எத்தன பேர், யார் யாருக்கு எங்க அடின்னு அதே நோட்ல எழுதுங்க, நிக்கிற வண்டியா இருந்தாலும் அதோட நம்பரையும் பாலிசியையும் எழுதுங்க. ஆஸ்பத்திரிக்கு வாக்குமூலம் வாங்க போறவர் கைல அந்த பேப்பர குடுத்து அனுப்புங்க, ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபா ஜெராக்ஸ். "சொந்தக்காரங்கதானே, பேசி முடிச்சுக்கோங்க"ங்கற வார்த்தைய மட்டும் தயவு செஞ்சு சொல்லாதீங்க, பணம் குடுக்கப்போறது தம்பி இல்ல கம்பெனிதான்னு சொல்லுங்க, சித்திங்க எல்லாம் அழுகைய நிறுத்திடுவாங்க.

எம்.சி.ஓ.பி.ன்னு சொல்ற எங்க நஷ்டஈடு மனு நம்பர் ஆகிடுச்சு, கடலூர்லதான் நடக்குது. தம்பிதான் ஒண்ணாம் எதிர்மனுதாரர், நோட்டீஸ் வந்தப்ப "அக்கா, என் பேர தப்பா அடிச்சிருக்காங்க, இனிஷியல் மாத்தணும்"னு போன் பண்ணான். வாய்தா அன்னிக்கு என்னையும் மாமியாரையும் கோர்ட்டுக்கு கூட்டிட்டு போறதும் அவன்தான், அதே வண்டி, புது கண்ணாடி. பின்சீட்டு கவர கழட்டிட்டான், பெல்ட்டு வெளில தொங்குது, மாமியாருக்கு மட்டும் அத குத்தத் தெரியல, நான் இடது கையால குத்தி விடுறேன்.

இப்படிக்கு,
திருப்பாப்புலியூர் தையக்காரம்மா